ஏலகிரியா, ஏற்காடா, கொல்லிமலையா: நண்பர் கூட்டத்தோடு சைக்கிளில் ஏற எந்த மலை?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14. ரோடு பைக் (மெல்லிய டயர் சைக்கிள்) வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து ‘அடுத்த வாரம் ஏதாவது மலைக்குப் போகலாமா’ என்று பேச ஆரம்பித்தால், பேச்சு இந்த மூன்று எண்களில்தான் வந்து நிற்கும். எழுபது என்றதும் ஒருவருக்குக் கண் விரியும், இன்னொருவர் நைசாகப் பேச்சை மாற்றுவார். காரில் போகிறவருக்கு அந்த எண் முக்கியம்தான். பின் சீட்டில் யார் வாந்தி எடுப்பார்கள் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மிதித்து ஏறுகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

வளைவு வைப்பதே சரிவைக் குறைக்கத்தான். ஒரே உயரத்துக்கு நேர்ச்சாலை போட்டால் லாரி ஏறாது என்பதால் சாலையை மடித்து மடித்துப் போடுகிறார்கள். மடிப்பு கூடக் கூட ஏற்றம் சாதுவாகிறது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையைப் பாருங்கள். அங்கே 36 வளைவுகள்தான், கொல்லிமலையில் பாதி. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் தூக்கிவிடும். 2008 முதல் நடந்துவரும் டூர் ஆஃப் நீலகிரிஸ் பயணத்தில் பழுத்த ஓட்டிகளே இறங்கித் தள்ளுகிற ஏற்றம் அது. அதை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. நண்பர்களோடு ஜாலியாகப் போய்வருகிற இடம் அல்ல அது.

நான் மனதில் வைத்திருப்பது ஒரு குறிப்பிட்ட வகைக் கூட்டத்தை. ஐந்தாறு பேர். பாதிப் பேர் சென்னையில், ஒன்றிரண்டு பேர் பெங்களூரில். ஒருவர் கார்பன் பிரேம் வாங்கி வாரம் மூன்று நாள் ஓட்டுகிறார். ஒருவர் ஞாயிறு மட்டும் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்; இன்னொருவரிடம் இருப்பது தடித்த டயர் போட்ட எம்.டி.பி. பெங்களூர்க்காரர்கள் நந்தி மலையில் ஏறிப் பழகியிருப்பார்கள். சென்னைக்காரர்களுக்கு ஏற்றம் என்றால் கத்திப்பாரா மேம்பாலம். கோவைப் பக்கத்து ஆட்கள் இதைப் படிக்கவே தேவையில்லை. மேட்டுப்பாளையம் தாண்டினால் கோத்தகிரி சாலை இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள்.

முதலில் கணக்கு

ஏற்றத்தில் கிலோமீட்டரை மறந்துவிட்டு உயரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நன்றாகப் பயிற்சி உள்ளவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் ஏறுவார். ஞாயிறு இட்லிக்காரர் 500 மீட்டர் ஏறினாலே நல்லது.

ஏலகிரியில், அடிவாரத்துப் பொன்னேரி கூட்டுச்சாலையிலிருந்து மேலே அத்தனாவூர் வரை ஏற வேண்டிய உயரம் 650 மீட்டர் அளவில் வரும். முதலாமவர் முக்கால் மணியில் மேலே இருப்பார். இரண்டாமவருக்கு ஒன்றே கால் மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இடைவெளி அரைமணி சொச்சம். ஏற்காட்டிலும் கொல்லியிலும் ஏற வேண்டியது ஆயிரம் மீட்டர் அளவு. முதலாமவருக்கு ஒரு மணி பத்து நிமிடம். இரண்டாமவருக்குக் கணக்குப்படி இரண்டு மணி நேரம், ஆனால் இரண்டாவது மணியில் அவர் முதல் மணியின் வேகத்தில் இருக்க மாட்டார், இரண்டு மூன்று இடத்தில் மதகுச் சுவரில் உட்காருவார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழும்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு இந்த இடைவெளிதான் விஷயமே. வியர்வையில் நனைந்த ஜெர்சியோடு மேலே பனிமூட்டத்தில் ஒருமணி நேரம் நிற்கிறவருக்கு உடம்பு வெடவெடக்கும், எரிச்சலும் வரும். கீழே தனியாக ஏறிக்கொண்டிருப்பவருக்கோ ‘எல்லோரும் நமக்காகக் காத்திருக்கிறார்கள்’ என்ற நினைப்பு கால்வலியைவிட மோசம். அடுத்த முறை கூப்பிட்டால் ‘வீட்டில் விசேஷம்’ என்பார். ஆகவே மலையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது கடைசி ஆளை. முதல் ஆள் எந்த மலையிலும் சமாளித்துக்கொள்வார்.

ஏலகிரி

சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து சுமார் 160. இரண்டு ஊர்க் கூட்டமும் சந்திக்க இதைவிட வாகான இடம் கிடையாது. பக்கத்தில் ஜோலார்பேட்டை சந்திப்பு. மாலையில் சென்ட்ரலில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பெயருக்கேற்றபடி இரவில் அங்கே கொண்டுவந்து விடுகிறது.

வாணியம்பாடி – திருப்பத்தூர் சாலையில் பொன்னேரியில் திரும்பியதும் கொஞ்ச தூரம் சமதளம், அப்புறம் ஏற்றம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சரிவு பெரும்பாலும் ஐந்தாறு சதவீதம். அதாவது நூறு மீட்டர் போனால் ஐந்தாறு மீட்டர் மேலே. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். எண்ணைவிடப் பெயர் நல்ல ஏற்பாடு. மூச்சு வாங்கும்போது ‘நான் கபிலரில் நிற்கிறேன், நீ பாரியைத் தாண்டிவிட்டாயா’ என்று போனில் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே மலை சின்னது என்பதுதான் லாபம். வேகமானவர் மேலே போய் அத்தனாவூரில் டீ குடித்துவிட்டுத் திரும்ப இறங்கிவந்து, கடைசி ஆள் இருக்கும் வளைவில் சேர்ந்துகொண்டு அவரோடு மறுபடி ஏறலாம். அவருக்கு ஒன்றரை மலை ஆகிவிடும், கடைசி ஆளுக்குத் துணை ஆகிவிடும், யாரும் யாருக்காகவும் காத்து நிற்கவில்லை. ஆயிரம் மீட்டர் மலையில் இதைச் செய்யச் சொன்னால் எவ்வளவு நல்ல நண்பரும் யோசிப்பார்.

குறை என்று பார்த்தால், மேலே போனபிறகு ஓட்டுவதற்கு அதிகம் இல்லை. நிலாவூர் வரை ஒரு சுற்றுப் போகலாம், புங்கனூர் ஏரியைச் சுற்றலாம், அவ்வளவுதான். ஏற்காட்டின் உயரம் இல்லாததால் பத்து மணிக்கு மேல் வெயில் உறைக்கும். கூட்டத்தில் எல்லோரும் தேறியவர்கள் என்றால் காலை எட்டரைக்கே எல்லாம் முடிந்து, ‘இதற்கா இவ்வளவு தூரம்’ என்ற முகங்களைப் பார்க்க வேண்டிவரும்.

ஏற்காடு

மலை என்ற வகையில் மூன்றில் எனக்குப் பிடித்தது இது. சேலம் அடிவாரத்திலிருந்து ஏரி வரை இருபது கிலோமீட்டர் சொச்சம். சராசரி ஐந்து சதவீதம் என்றாலும் சீராக ஏறுகிறது. திடீரென்று முகத்தில் அறையும் பத்து, பன்னிரண்டு சதவீதச் சரிவுகள் மெயின் ரோட்டில் அபூர்வம். ஒரு கியரைப் பிடித்து, ஒரு மூச்சைப் பிடித்து, அப்படியே ஏறிக்கொண்டே இருக்கலாம். கீழே புழுங்கும் புதர்க்காடு. போகப் போகக் காற்றில் ஈரம் கூடும், மேலே காப்பித் தோட்டத்து நிழல் வரும். வெள்ளைக்காரர்கள் ஏற்காட்டில் காப்பி பயிரிட ஆரம்பித்து 200 வருடம் ஆகிறது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கடைசி சில கிலோமீட்டர் ஓட்டும்போது அந்த வெள்ளைக்காரர்களுக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லலாம். தெம்பு மிச்சம் இருந்தால் சேர்வராயன் கோயில் வரை போங்கள். 1,600 மீட்டரைத் தாண்டும். சேலத்தில் கிளம்பியவர் அங்கே நிற்கும்போது மொத்தம் 1,300 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பார்.

கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஏற்காட்டில் அது நன்றாகத் தெரியும். நாம் இடது ஓரம் போகிறவர்கள். இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம் நம்முடையது; தூரம் குறைவு, உயரம் அதே, ஆகவே சரிவு சட்டென்று இரட்டிப்பாகும். வலது பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம் நம்முடையது; அங்கே சாலை கிட்டத்தட்டச் சமமாகி, இரண்டு மூச்சு இழுத்துவிட்டுக்கொள்ள இடம் கொடுக்கும். இடது வளைவு வருவதற்கு முன்பே, கால் லேசாக இருக்கும்போதே, கியரை இறக்கிவிட வேண்டும். வளைவுக்குள் போய் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும், செயின் கழன்று தொங்கும், ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளிப்பிலிருந்து காலை எடுக்க நேரம் இருக்காது, மேலேயிருந்து அரசுப் பேருந்து முழுச்சாலையையும் அடைத்துக்கொண்டு மூக்கை நீட்டும். செங்குத்துக்குப் பயந்து நடுச்சாலைக்குப் போவதும் அதே பேருந்துக்கு முன்னால்தான் கொண்டு நிறுத்தும்.

போக்குவரத்துதான் ஏற்காட்டின் பெரிய தொல்லை. சனி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் கார் வரிசை. மே மாதக் கோடை விழா நாட்களில் சைக்கிளோடு அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். விடியும் முன் அடிவாரத்தில் இருந்தால் பிழைத்தீர்கள். அதற்கு ரயில் ஒத்துழைக்கிறது: இரவில் சென்ட்ரலில் ஏறினால் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருட்டு விலகும் முன் சேலத்தில் இறக்கிவிடும். ஆனால் உட்கார்ந்தும் படுத்தும் அரைத்தூக்கத்தில் வந்த உடம்போடு ஆயிரம் மீட்டர் ஏறுவது எல்லோருக்கும் ஒத்துவராது. வெள்ளி இரவு கிளம்பி, சனி சேலத்தில் ஓய்வெடுத்து, ஞாயிறு ஏறுகிறவர்கள் புத்திசாலிகள். குரங்குகளையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்சியின் முதுகுப் பாக்கெட்டில் எட்டிப்பார்க்கும் வாழைப்பழம் அவற்றுக்கு அழைப்பிதழ்.

குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. வண்டி குறைவு, சரிவு அதிகம். வேகமான இருவர் அந்த வழியாகவும் மற்றவர்கள் அடிவாரம் வழியாகவும் ஏறி மேலே சந்திப்பது காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க ஒரு நல்ல தந்திரம்.

கொல்லிமலை

நாமக்கல் பக்கம், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளியில் ஏற்றம் தொடங்குகிறது. சோளக்காடு வரை 70 வளைவு. உயரத்தில் ஏற்காட்டுக்குச் சமம், சராசரிச் சரிவும் பக்கத்தில் பக்கத்தில்தான். ஏறுவதை மட்டும் பார்த்தால் எழுபதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அத்தனை வளைவுகளில் சரிபாதி வலது வளைவுகள். மூச்சு வாங்க அத்தனை இடம். வளைவுக்கு வளைவு எண் போட்டு நட்டிருக்கிறார்கள், எண்ணிக்கொண்டே போகலாம். ஐம்பதைத் தாண்டியபின் அது உற்சாகமா சித்திரவதையா என்பது ஆளைப் பொறுத்தது.

பிரச்சினை இறங்கும்போது. மேல்பகுதியில் ஒரு வளைவு முடிந்து கை ஓய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட நிறுத்தும் அளவுக்குப் பிரேக் பிடிக்க வேண்டும், விட வேண்டும், திரும்பப் பிடிக்க வேண்டும். டிஸ்க் பிரேக் இருந்தால் விரல் வலியோடு போகும். சக்கர வளையத்தையே (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால், தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும் வாய்ப்பு உண்டு. கார்பன் ரிம்மோடு ரிம் பிரேக் வைத்திருப்பவர் இங்கே வரவே வேண்டாம். வளைவுக்கு முன் நேர்ப்பகுதியில் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுவதுதான் முறை. பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று கையை உதறிக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் வேகத்துக்காகவே வரும் மோட்டார் பைக் கூட்டமும் உண்டு. வார இறுதியில் வளைவில் அவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு வருவார்கள் என்று சொல்ல முடியாது. இறங்குகிறவர் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. அதை எதிரில் வருகிறவரும் படித்திருப்பார் என்று நம்பி வளைவுக்குள் நுழைய வேண்டாம்.

இன்னொன்று, ஏறும் வழியில் கடை கண்ணி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், டியூப், பம்பு எல்லாம் கீழேயே எடுத்துக்கொள்ள வேண்டும். கூட ஒரு கார் வருவது ஏலகிரியில் சௌகரியம், இங்கே அவசியம்.

ஆனால் மேலே போய்ச் சேர்ந்தால் மூன்றில் இதுதான் ஊர் மாதிரி ஊர். சோளக்காட்டுச் சந்தையில் மலைவாழை, பலா, அன்னாசி, மிளகு என்று குவித்திருப்பார்கள். செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோயில் என்று மேடுபள்ளமான சாலைகளில் இன்னும் ஒரு நாள் ஓட்டலாம். வல்வில் ஓரியின் மலை. (ஏலகிரியின் வளைவுகளிலும் அவர் பெயர் இருக்கிறது, மனிதர் இரண்டு மலையிலும் இடம் பிடித்துவிட்டார்.) ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது கூட்டம் நெரியும், அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே நாளில் ஏறி இறங்கிச் சென்னைக்கு ஓடிவருவது இந்த மலைக்கு அநியாயம். ஒரு இரவு தங்க முடிந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

எந்த மலையானாலும் கியர்

மலையை மாற்றுவதைவிடக் கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, மாற்றுவது சில சமயம் மலிவு. கடையிலிருந்து வரும் பல ரோடு பைக்குகளில் முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28. ஈ.சி.ஆருக்கு அது தாராளம். எட்டு சதவீதச் சரிவில் நம் இட்லிக்காரரின் வேகம் மணிக்கு ஏழு கிலோமீட்டர்தான் இருக்கும். 34–28 கியரில் அந்த வேகத்தில் மிதி நிமிடத்துக்கு 46 தடவைதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் மூட்டில் போய் இறங்கும். பின்னால் 34 பல் கேசட் போட்டால் அதே வேகத்தில் 55 சுற்று வரும். மூச்சு கொஞ்சம் கூடும், முட்டி தப்பிக்கும். பின் கியர் மாற்றி 34 பல்லைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். எம்.டி.பி. நண்பரைக் கிண்டல் செய்ய வேண்டாம். முன்னால் மூன்று பல்சக்கரம் இருக்கும் சைக்கிளில் அவர் நடக்கிற வேகத்திலாவது இறங்காமல் ஏறிவிடுவார். கார்பன்காரர் தள்ளிக்கொண்டிருக்கும்போது தாண்டியும் போவார்.

பயிற்சிக்கு மலை இல்லையே என்று சென்னைக்காரர்கள் வருந்த வேண்டாம். மாமல்லபுரத்திலிருந்து எதிர்க்காற்றில் ஒருமணி நேரம் விடாமல் மிதித்துவருவது ஏற்றத்துக்கு மிக நெருங்கிய பயிற்சி. இரண்டிலும் காலுக்கு ஓய்வே கிடையாது.

சரி, எது?

கூட்டத்தில் ஒருவராவது இதுவரை மலையே ஏறாதவர் என்றால் ஏலகிரி, யோசிக்கவே வேண்டாம். பெங்களூர் ஆட்களும் வருகிறார்கள் என்றாலும் ஏலகிரி. எல்லோரும் நிற்காமல் இரண்டு மணி நேரம் மிதிக்கக்கூடியவர்கள், விடிகாலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் நிற்கத் தயார் என்றால் ஏற்காடு. ஏலகிரியில் ஒருமுறை ஏறி, கடைசி ஆள் ‘இன்னொரு தடவை போகலாமா’ என்று தானாகக் கேட்ட கூட்டம் அடுத்த மாதமே ஏற்காட்டுக்குப் போகலாம். கொல்லிமலைக்கு மூன்று நாள் விடுமுறை, ஒரு கார், எல்லோருக்கும் நல்ல பிரேக்: மூன்றும் சேர்ந்து அமைந்தால் போங்கள், இரண்டு இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

மாதம் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அக்டோபர், நவம்பர் மழையில் பாசி பிடித்த வளைவுகளில் இறங்குவது வேண்டாத வேலை, மண்சரிவும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்துப் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையே மூடப்பட்டது. கிளம்பும் முன்தினம் அந்த மாவட்டச் செய்தியை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஜனவரியில் ஏறும்போது தேவைப்படாத மெல்லிய காற்றுச் சட்டை இறங்கும்போது தேவைப்படும். காரில் அல்ல, பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

ஏற்காடு என்று முடிவானால், மேலே போய் பஜ்ஜி சாப்பிட்டதும் ‘குப்பனூர் பக்கமாக இறங்கிப் பார்ப்போமா’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். எல்லாக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் உண்டு. முதல் தடவை அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஏறிவந்த பாதையின் வளைவும் பள்ளமும் கண்ணில் இருக்கும், கார் நிற்பதும் அந்த அடிவாரத்தில்தான்.